மாசம் எத்தனை கிலோமீட்டர்?

திருக்கோவிலூரில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் புரோக்கரிடம் விலை கேட்டுவிட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கைத் தேடி வருவார்கள். திருவண்ணாமலை சாலையில் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக்கிடம் வந்து சேரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டீசல் வாங்கலாமா, பெட்ரோல் வாங்கலாமா அண்ணே?" அதற்கு அவர் உடனே பதில் சொல்வதில்லை. "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க? எத்தனை பேர் ஏறுவீங்க? மலை ஏறுவீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவருக்கு அது பிடிக்காது. டீசல் என்று சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் வந்திருப்பார்.

அவர் தொழில் பழகியதே டீசலில்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், லாரி எல்லாம் நின்றுபோகும் இடத்தில், ஒரு மேஸ்திரிக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொடங்கியவர். அந்தக் கால பம்ப், நாசில் எல்லாம் கையால் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டக் கூடியவை. டீசல் இன்ஜின் மேல் அவருக்கு இருக்கும் பற்று அந்த நாளிலிருந்து வருவது. அப்படிப்பட்டவர் இன்று தன்னிடம் வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் பெட்ரோல் வாங்கச் சொல்கிறார் என்றால், அதன் காரணத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெளிநாடுகளில் குடும்பத்துக்கென்றே ஒரு கார் வடிவம் உண்டு. பின்பக்கம் நீண்டு, கூரை கடைசிவரை போய், பெட்டி படுக்கை அத்தனையும் ஏற்றிக்கொள்ளும் எஸ்டேட் கார். அந்த வடிவத்தை இந்தியாவிலும் விற்றுப் பார்த்தார்கள். டாடா எஸ்டேட் 1992இல் 1948 சிசி டீசல் இன்ஜினோடு வந்தது. மாருதியின் பலேனோ ஆல்ட்யூரா வந்தது, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி வந்தது. 2004இல் இண்டிகோ மரீனா பெட்ரோல், டீசல் இரண்டிலும் வந்தது. எதுவும் நிலைக்கவில்லை. நம் குடும்பத்துக்குப் பெட்டி வைக்க இடம் மட்டும் இருந்தால் போதாது. பாட்டி, அத்தை, அத்தை பிள்ளைகள் எல்லாரும் உட்கார மூன்றாவது வரிசை வேண்டும். டாடா சுமோவும், 2000இல் வந்த குவாலிஸும், 2004இன் டவேராவும், 2005இன் இன்னோவாவும், 2012இன் எர்டிகாவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. திருக்கோவிலூரில் இன்று 'ஃபேமிலி வண்டி' என்றால் இந்த வரிசைதான். பட்டறையில் மரீனா பார்த்தது அவருக்கு நினைவிருக்கிறது. நல்ல வண்டி, பாகம் கிடைப்பதுதான் பாடு என்கிறார்.

டீசல் மோகம் காரணமில்லாமல் வந்ததல்ல. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இல் நீங்கியது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வித்தியாசம் எகிறியது. 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கும் கீழே இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய்! அந்த நேரத்தில் கார் வாங்கிய யாருக்கும் டீசல் தவிர வேறு நினைப்பு வந்திருக்காது. 'டீசல்னா மிச்சம்' என்ற பேச்சு ஊருக்குள் அப்போதுதான் வேரூன்றியது.

இப்போது கணக்கு வேறு. 2025இல் சென்னை விலை பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி, டீசல் 92, 93 ரூபாயை ஒட்டி. வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். எர்டிகா பெட்ரோல் 14 கிலோமீட்டரும் டீசல் 19 கிலோமீட்டரும் கொடுக்கிறது என்று வைத்து மெக்கானிக் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டுவார். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு, டீசலில் 4 ரூபாய் 85 காசு. மிச்சம் 2 ரூபாய் 35 காசு. வருஷம் 20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது 47,000 ரூபாய். சும்மா விடக்கூடிய பணமல்ல. வருஷம் 6,000 ஓடும் குடும்பத்துக்கு 14,000 ரூபாய்தான் வரும். ஒரே வயதுள்ள இரண்டு வண்டியில் டீசலுக்கு லட்ச ரூபாய் கூடக் கேட்டால், அந்த லட்சத்தை எடுக்கவே ஏழு வருஷம் ஆகிவிடும். அதற்குள் ஒரு தடவை இன்ஜெக்டர் வேலை வந்தால் கணக்கு அங்கேயே கவிழ்ந்தது.

இன்ஜெக்டர் என்று அவர் சொல்லும்போது குரல் மாறும். பழைய குவாலிஸின் 2446 சிசி இன்ஜினில் நாசில் கெட்டால் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். இன்னோவாவோடு வந்த காமன் ரெயில் முறை வேறு உலகம். டீசல் ஒரே குழாயில் ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தத்தில் நிற்கும். கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறக்கும். டேங்கில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும், மட்டமான ஃபில்டர் போட்டாலும் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்தே அடிபடும். அந்த வேலைக்கென்று தனி மிஷின் உள்ள கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். பில் வரும்வரை அவருக்கே தொகை தெரியாது.

குறைவாக ஓடும் டீசல் வண்டிக்கு இன்னொரு நோய், 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ். 6 விதி வந்த பிறகு சேர்ந்துகொண்டது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்க சைலன்சர் பாதையில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் இருபது நிமிஷம் ஓட்டினால் அந்தச் சூடு வந்துவிடும். மூன்று கிலோமீட்டரில் பள்ளிக்கூடம், இரண்டு கிலோமீட்டரில் கடைவீதி என்று ஓட்டினால் வராது.

அப்படி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் குடும்பம். கணவன், மனைவி இருவருக்கும் வேலை உள்ளூரிலேயே. இரண்டு வயதான டீசல் வண்டியை நல்ல விலைக்குப் பிடித்திருந்தார்கள். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. ஆயில் எப்படிக் கூடும் என்று ஆசிரியர் திகைத்தார். கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும். பாதியில் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போகும். "சார், இந்த வண்டி மேல தப்பில்ல. இது விழுப்புரம், சென்னைன்னு ஓட வேண்டிய வண்டி. நீங்க இத வீட்டுல கட்டிப் போட்டிருக்கீங்க" என்றார். ஆயிலை மாற்றி, ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவர்கள் அதை விற்றுவிட்டு 2.0 லிட்டர் பெட்ரோல் இன்னோவா ஒன்றை வாங்கினார்கள்.

பெட்ரோல் இன்னோவாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2005 முதல் 2016 வரை டீசலோடு கூடவே விற்ற வண்டி அது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்பதால் பழைய சந்தையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விலையும் இறங்கிக் கிடக்கும். ஆனால் 1998 சிசி இன்ஜின், டைமிங் செயின் போட்டது, டர்போ இல்லாதது, சத்தமில்லாதது. டாக்ஸிக்குப் போனதும் குறைவு. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டும் பெரிய குடும்பத்துக்கு இதைவிட நல்ல பேரம் இந்தப் பக்கம் கிடையாது என்பது அவர் முடிவு. பெட்ரோல் செலவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், வாங்கும் விலையில் மிச்சமாகும் பணம் எத்தனை வருஷத்துப் பெட்ரோலுக்கு வரும் என்று பார்ப்பதில்லை.

அதே மனிதர், வெள்ளிமலையிலிருந்து யாராவது வந்தால் டீசல்தான் என்பார்.

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏற்றம் தொடங்கிவிடும். தாலுகா தலைமையிடமான வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை. கல்யாணம், காதுகுத்து என்றால் ஒரு வண்டியில் எட்டு பேர், சமயத்தில் அதற்கு மேலும், கூட அரிசி மூட்டையும் பாத்திரமும். அங்கே குதிரைசக்தியைவிட இழுவைதான் முக்கியம். 1.4 லிட்டர் பெட்ரோல் எர்டிகாவின் முழு இழுவை 130 நியூட்டன் மீட்டர். அதுவும் 4000 சுற்றில்தான் வரும். 1.3 லிட்டர் டீசல் எர்டிகா 1750 சுற்றிலேயே 200 கொடுத்துவிடும். பழைய டீசல் இன்னோவாவின் 2494 சிசி இன்ஜினும் 200தான், அது 1400 சுற்றிலேயே தொடங்கிவிடும். வளைவில் வேகம் குறைத்து இரண்டாவது கியரில் திரும்ப ஏற்றும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். பெட்ரோல் வண்டி ஏறாது என்பதில்லை. ரேஸ் கொடுத்து அலறவிட்டு ஏற்ற வேண்டும். தினமும் அப்படி ஏற்றினால் கிளட்ச் செட் சீக்கிரம் தேயும், இன்ஜின் சூடாகும். மலை வண்டி ஒருநாளும் சும்மா நிற்பதுமில்லை. ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு என்று இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். டீசல் இன்ஜினுக்கு வேண்டிய வாழ்க்கை அதுதான்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் இரண்டு பாடம் உண்டு. இறங்கும்போது நியூட்ரலில் விடாதே, ஏறிய கியரிலேயே இறங்கு. இல்லாவிட்டால் பிரேக் சூடாகிக் கைவிடும். ஏறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாதே, அரை நிமிஷம் ஐடிலில் விடு. டர்போவுக்குள் ஆயில் ஓடிச் சூடு இறங்கட்டும்.

டீசல்தான் என்று முடிவானாலும் எந்த டீசல் என்பது அடுத்த பேச்சு. 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, புன்டோ, இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் ஓடியது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே கைவிட்ட பிறகும் அதன் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. டவேராவின் 2499 சிசி இசுசூ இன்ஜின் உழைப்பாளி. ஆனால் டவேராவை விற்ற நிறுவனம் 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. வெளியூர்க் குடும்பத்துக்கு அவர் டவேராவைச் சொல்வதில்லை. தெரிந்த வண்டி, தெரிந்த ஓனர் என்றால் மட்டும் சரி என்பார்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது அவர் வைக்கும் ஒரே நிபந்தனை, தான் வருவதற்கு முன்னால் யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் பானட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் விற்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடுவார். ஆறிய டீசல் இன்ஜின் ஒரு செல்ஃபில் பிடிக்க வேண்டும். இழுத்து இழுத்துப் பிடித்தால் ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. பிறகு சைலன்சர் பக்கம் போய் நிற்பார். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, இல்லை டீசல் கூடுதலாக இறங்குகிறது; அது சின்ன வேலையாக இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ டர்போவோ தேய்ந்திருக்கும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டின் இனிப்பு வாடையும் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுவார்.

அடுத்தது எல்லாரும் செய்து பார்க்கக் கூடிய சோதனை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேலேயே சும்மா வைப்பது. மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. எகிறிக் குதித்து, 'குப் குப்' என்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, ரிங் போய்விட்டது. விலை பேசக்கூட அங்கே நிற்க வேண்டாம்.

டீசல் இன்னோவாவில் அவர் கேட்கும் தனிக் கேள்வி டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்பது. அந்த இன்ஜினில் செயின் கிடையாது, பெல்ட். நேரம் வந்தால் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பில் காட்டினால் நம்புவார். காட்டாவிட்டால் பெல்ட் செலவை விலையிலேயே கழித்துவிடுவார், வாங்கிய வாரமே மாற்றியும் விடுவார்.

மஞ்சள் போர்டில் ஓடிய இன்னோவாவை வெள்ளை போர்டுக்கு மாற்றி விற்பது சட்டப்படி சரியானதே. அதில் தவறில்லை, மீட்டரைத் திருப்பி வைப்பதில்தான் தவறு. 90,000 என்று காட்டும் வண்டியின் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தால் அது மூன்று லட்சம் பார்த்த வண்டி. ஆர்.சி.யின் பழைய விவரத்தையும் சர்வீஸ் ரெக்கார்டையும் எடுத்துப் பார்க்காமல் அவர் சரி சொல்வதில்லை. அதே சமயம், நெடுஞ்சாலையிலேயே ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய இரண்டு லட்சம் கிலோமீட்டர் டீசல் வண்டியை, வீட்டில் நின்றே ஐம்பதாயிரம் காட்டும் டீசல் வண்டிக்கு மேலே வைப்பார். வாங்க வருகிறவர்களை இதில் இணங்க வைப்பதுதான் கடினம்.

வெள்ளம் இந்தத் தொழிலுக்கு இன்னொரு சோதனையைக் கற்றுக்கொடுத்தது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பனைக்கு வந்தன. பிறகு வெள்ளம் இந்த ஊர்ப் பக்கமே வந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை இரு கரையும் புரண்டது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததுதான் பலர் செய்த கேடு. பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்து, பதினொரு மடங்கு அமுக்கும் என்றால் டீசல் பதினேழு, பதினெட்டு மடங்கு வரை அமுக்கும்; அதாவது மேலே மிஞ்சும் இடம் அவ்வளவு சிறியது. கொஞ்சம் தண்ணீர் போனாலே டீசல் இன்ஜின் முடிந்தது. அதனால் இப்போது டீசல் வண்டி பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு தெரிகிறதா என்று பார்க்கிறார், தரை விரிப்பைத் தூக்கி சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று தடவுகிறார்.

டெல்லி வண்டி பற்றி அவர் பேச்சு சுருக்கமானது. பத்து வருஷம் தாண்டிய டீசலும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோலும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்ற தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, அங்கே விலை போகாத டீசல் வண்டிகள் தெற்கே வந்தன. விலை ஆசை காட்டும். என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டி விலையை நெருங்கிவிடும். காகிதம் முழுதாகக் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள் என்பார்.

பெட்ரோல் பக்கமும் கேள்வி இல்லாமல் இல்லை. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய எர்டிகா, பெட்ரோல் இன்னோவா அப்படியல்ல. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. அதற்குப் பயந்து பெட்ரோலையே ஒதுக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. வாங்கியதும் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல் எல்லாம் பார்த்து வெடிப்பு விட்டவற்றை மாற்றிவிடுகிறார். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் ஓட்டச் சொல்கிறார்.

சி.என்.ஜி. எர்டிகா கேட்டு வருகிறவர்களிடம் சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய சோதனையின் சான்றைக் கேட்பார். பின்னால் பெட்டி வைக்கும் இடம் சிலிண்டருக்குப் போய்விடும் என்பதையும் வண்டியைத் திறந்து காட்டியே சொல்வார். வெளியில் மாட்டிய கிட் என்றால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. மலைக்கு அது வேண்டாம் என்பதில் அவருக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் டீசலே கிடையாது. பெட்ரோல் இன்ஜின் மட்டும் உள்ளது ஒன்று, கூடவே மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் ஒன்று. அதுவும் இப்போது பழைய சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டது. ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. ஹைபிரிட் பார்த்து வைத்திருக்கிறேன் என்று வருகிறவரை, சர்வீஸ் புத்தகத்தையும், பெயர் மாற்றிய பிறகும் உத்தரவாதம் தொடரும் என்று ஷோரூமில் எழுதி வாங்கிய காகிதத்தையும் எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அவை கைக்கு வந்த பிறகுதான் வண்டியைப் பார்க்கக் கிளம்புகிறார்.